ஊசி போடும் நாளில் ஒரு கேள்வி

புற்றுநோய் என்ற சொல்லை வீட்டுக்குள்கூட உரக்கச் சொல்லத் தயங்கிய காலம் அது. அந்நோய்க்குச் சகோதரியைப் பறிகொடுத்த ஒரு பெண், அதற்கென்றே தனி மருத்துவமனை வேண்டுமென்று விடாப்பிடியாக நின்றார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் அவர். 1954-இல் சென்னை அடையாறில் அந்த மருத்துவமனை எழுந்தது. இன்று மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்கு அரசே பரிசோதனை நடத்துகிறது. அவை குறித்து வெளிப்படையாகப் பேசவும் முடிகிறது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் குறித்த பேச்சு மட்டும் மருத்துவரின் அறையைத் தாண்டுவதில்லை.

சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருப்பது புராஸ்டேட் சுரப்பி. பெரும்பாலும் முதிய வயதில் வரும் இப்புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுப் பல்லாண்டுகள் வாழ்பவர்கள் ஏராளம். ஆனால், அச்சிகிச்சை தொடும் இடங்கள் ஓர் ஆண் பேசக் கூசும் இடங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் சிறுநீர் கசியலாம், தாம்பத்தியம் பாதிக்கப்படலாம். ஆண் ஹார்மோனை ஒடுக்கும் சிகிச்சையோ திடீர் உடல்வெப்பம், மார்பு வீக்கம், சோர்வு, மனச்சோர்வு எனப் பலவற்றைக் கொண்டுவரக்கூடும். அந்த மனச்சோர்வில் ஒரு பகுதி மருந்தின் விளைவு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், தன் மனம் பலவீனமாகிவிட்டது என்றே நோயாளி எண்ணிக்கொள்வார்.

ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இப்புற்றுநோய் ஒடுங்கும் என்று 1941-இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். அதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு: மாதந்தோறும் அல்லது மூன்று மாதத்துக்கொரு முறை ஊசி, அல்லது விரைகளை அகற்றும் அறுவை. செலவும் அலைச்சலும் கருதி நம் நாட்டில் இரண்டாவதை ஏற்போர் பலர். மருத்துவத்தில் அது எளிய அறுவைதான். ஆனால், ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குப் பெயர்பெற்ற புதுக்கோட்டையில் காயடிப்பது என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல் தன்மேல் விழுந்துவிடுமோ என்ற அச்சத்தோடு ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் விவசாயியை, ‘பயப்படாதீங்க, சின்ன ஆபரேஷன்தான்’ என்ற ஒற்றை வரியில் கடந்துவிடுவது சரியா?

இக்கூச்சத்துக்குப் படிப்பறிவின்மை காரணமன்று. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் இந்நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். சிக்கல் ஏற்பட்டு 2024 ஜனவரி 1 அன்று மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார். அதிபருக்கே அதை உடனே தெரிவிக்கவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார். மௌனத்தின் விலை பெரிது. இந்நோய் உறுதியான முதல் சில மாதங்களில் தற்கொலை ஆபத்து உயர்வதை ஸ்வீடன், அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன.

நம்மிடம் கட்டமைப்பே இல்லை என்று சொல்ல முடியாது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. ஆனால், அதில் வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் பெண்கள். அதே பகுதியைச் சேர்ந்தவர்கள். மகள் முறையாகும் ஒருவரிடம் வேட்டி நனைவதை எந்தப் பெரியவர் சொல்வார்? இதைக் கேட்க ஆண் செவிலியரோ சுகாதார ஆய்வாளரோ வேண்டும். மனைவியையும் அழைத்துப் பேச வேண்டும். இரவில் திடீரென உடல் கொதித்து வியர்ப்பது என்னவென்று, மாதவிடாய் நின்ற காலத்தைக் கடந்த அவருக்கு நன்றாகவே தெரியும். கணவர் சொல்லாததால் அவரும் கேட்பதில்லை.

பெண்கள் சைக்கிள் ஓட்டினால் கேலி செய்த ஊர்கள், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது மாறியதும் இதே மாவட்டத்தில்தான். தனித்தனியாக அல்லாமல், கூட்டமாக வந்ததால் அவர்களின் கூச்சம் போயிற்று. ஹார்மோன் ஊசிக்கு வருபவர்களை ஒரே நாளில் வரச்சொல்லி, ஓர் அறையில் அரை மணி நேரம் உட்காரவைக்கப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. சிகிச்சை முடித்துத் தேறிய ஒருவர் அங்கிருந்தால் இன்னும் நல்லது. பேருந்தில் எப்படிச் சமாளித்து வந்தீர்கள் என்று அவர் பக்கத்திலிருப்பவரிடம் கேட்டாலே பேச்சு தொடங்கிவிடும்.