ஜனவரிச் செவ்வாய்க்கிழமையும் ஓர் ஆட்டந்தான்

ரொறன்ரோவில் இரவு 7 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இரணைமடுவில் அடுத்த நாள் விடிய ஐந்தரை. குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். அணி மேற்குக் கரைக்கு, வன்கூவர் பக்கம் போய் விளையாடினால் எங்களுக்குக் காலை எட்டரை ஆகிவிடும். அது விரிவுரை நேரம். போனை மேசைக்குக் கீழே வைத்து ஸ்கோர் பார்க்க வேண்டியதுதான்.

ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணியைப் பின்தொடர்கிற ஐந்து பேர் நாங்கள். முழு ஆட்டமும் பார்க்க வசதி இல்லை. போனில் ஸ்கோர் ஓடும், பிறகு யூரியூப்பில் பத்து நிமிடத் தொகுப்பு வரும், டேற்றா மிச்சமிருந்தால் பார்ப்போம். ஊரில் எங்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். முதலாவது: "ஐஸ்பழப் பெட்டிக்குள்ளயும் மீன் பெட்டிக்குள்ளயும் மட்டும் ஐஸைக் கண்ட உங்களுக்கு ஐஸ் ஹொக்கியோ?" இது நியாயமான பகிடி, நாங்களும் சிரிக்கிறோம். இரண்டாவது கேள்விதான் யோசிக்க வைத்தது: "சரி, பாக்கிறதெண்டால் கப் நடக்கேக்க பாருங்கோவன். இப்ப ஜனவரியில என்ன கிடக்கு?"

எங்கட பதில்: ஜனவரியிலதான் எல்லாம் கிடக்கு. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எங்கட வன்னிக்கும் இப்படி ஒரு 'ஜனவரி' வேண்டும் என்றும் சொல்லப்போகிறோம்.

முதலில் விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் 32 அணிகள். ஒக்ரோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடுகிறது, பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். வென்றால் 2 புள்ளி. மேலதிக நேரத்திலோ அதற்குப் பிந்தைய ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. அறுபது நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. அந்த ஆட்டங்களின் முடிவில் 16 அணிகள் ஸ்ரான்லி கிண்ணத்துக்கான அடுத்த கட்டத்துக்குப் போகும். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்த 2 புள்ளிக்கும் ஏப்ரலில் கடைசி ஆட்ட நாளில் எடுத்த 2 புள்ளிக்கும் பட்டியலில் வித்தியாசம் கிடையாது. ஒரு புள்ளி குறைவால் வெளியே போன அணி ஜனவரியை நினைத்துத்தான் தலையில் அடிக்கும்.

வயல்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. காலபோகமும் ஏறத்தாழ இதே மாதங்கள்தான். ஒக்ரோபரில் விதைத்துவிட்டு, "அறுவடை அண்டைக்கு வாறன்" என்று சொல்லிப் போகிறவருக்கு அறுவடை இல்லை. புல்லும் பன்றியும் யூரியாவும் தண்ணியுமாக நடுவில் ஓடுகிற அந்த இரண்டு மூன்று மாதம்தான் போகம்.

நடுப்பகுதியில் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறோம்.

2019 ஜனவரி 3 காலை. சென்ற் லூயிஸ் புளூஸ் என்ற அணி மொத்த லீக்கிலும் கடைசி இடத்தில் நின்றது. அதற்குச் சில கிழமைக்கு முன்னர்தான் பயிற்றுநரை நீக்கி, கிரெய்க் பெரூபே என்பவரைத் தற்காலிகமாகப் போட்டிருந்தார்கள். ஜோர்டன் பின்னிங்ரன் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத கோல் காப்பாளருக்கு அந்த ஜனவரியில் முதல் முறையாகத் தொடக்கத்திலிருந்தே ஆட வாய்ப்புக் கிடைத்தது. அதே ஆண்டு ஜூன் 12ஆம் திகதி அந்த அணி பொஸ்ரனை அதன் சொந்த மைதானத்தில் வீழ்த்தி, தன் வரலாற்றிலேயே முதல் ஸ்ரான்லி கிண்ணத்தை எடுத்தது. ஜூனில் வந்து பார்த்தவர்கள் ஒரு வெற்றியைப் பார்த்தார்கள். ஜனவரியில் கடைசி இடத்தில் நிற்கும்போதும் கூட இருந்தவர்கள் பார்த்தது வேறு. அந்தப் பெரூபேதான் 2024இல் எங்கட லீஃப்ஸின் பயிற்றுநராக வந்தார். ஆகவே கொஞ்சம் நம்பிக்கை வைக்க எங்களுக்கும் உரிமை உண்டு.

இரண்டாவது கதையில் தோற்றது நாங்கள். 2020 பெப்ரவரி 22, ரொறன்ரோவில் கரோலினா அணியோடு ஆட்டம். அவர்களின் இரண்டு கோல் காப்பாளர்களும் அடுத்தடுத்துக் காயப்பட்டார்கள். விதிப்படி மைதானத்தில் தயாராக இருக்கிற அவசரக் காப்பாளரை இறக்கினார்கள். டேவிட் ஏயர்ஸ், வயது 42, பனித்தளத்தைச் சீராக்குகிற சம்போனி வண்டி ஓட்டி வேலை செய்தவர், தாய் கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்கிறவர். சிறுநீரக நோயைப் பற்றி வன்னிக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முதல் இரண்டு அடியும் கோல். பிறகு வந்த எட்டையும் மறித்தார். கரோலினா 6-3 என்று வென்றது. லீஃப்ஸ் ரசிகருக்கு அது பெரிய மானக்கேடு. ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. ஒரு இறுதி ஆட்டமும் இல்லை, சும்மா ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை.

ஏன் லீஃப்ஸ் என்று கேட்டால், விளையாடுகிற விதத்துக்காக இல்லை. கிண்ணத்துக்காகவும் இல்லை, கடைசிக் கிண்ணம் 1967இல். 2004க்குப் பிறகு பிளேஓவ்வில் ஒரு சுற்றை வெல்ல 2023 வரை காத்திருந்த அணி. 2024 மே மாதம் பொஸ்ரனோடு ஏழாவது ஆட்டத்தில், மேலதிக நேரத்தில், ஒரு கோலால் போனார்கள். இப்படிப்பட்ட அணியைத் தேடிப் பிடிக்க யாருக்கும் விசரில்லை. அது சொந்தத்தால் வந்தது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிற எங்கட மச்சான், மச்சாள்மாருக்கு அது ஊர் அணி.

இதில்தான் எங்களுக்கு முக்கியமான விடயம் இருக்கிறது. கனடாவுக்கும் வன்னிக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் பெரிய நாட்களின் உறவு. 2009 மே 10 அன்று ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்ற சனம் எங்களுக்காக நின்றது. அப்போது எங்களுக்கு ஐந்து, ஆறு வயது. நாங்கள் எங்கே இருந்தோம் என்று எழுத வேண்டியதில்லை. பிறகு கல்யாணம், செத்தவீடு, கோயில் திருவிழா, வீடு கட்டக் காசு. எல்லாம் பெரிய நாட்கள். நடுவில் கிடக்கிற சாதாரண நாட்களில் பேச ஒன்றும் இருக்காது. வீடியோ கோல் எப்படிப் போகும் என்று உங்களுக்கும் தெரியும்:

"சாப்பிட்டாச்சோ?"
"ஓம்."
"அங்க குளிரோ?"
"ஓம்."
"சரி, அம்மாட்டக் குடுங்கோ."

அவர்களுக்குத் தமிழ் கொஞ்சம், எங்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம். பாசம் இல்லாமல் இல்லை, பேச்சுத்தான் இல்லை. லீஃப்ஸ் வந்த பிறகு கிழமைக்கு மூன்று தரம் பேச ஒரு விடயம் இருக்கிறது. "மூண்டாவது பீரியட்டில எப்பிடி விட்டவங்கள்?" என்று நாங்கள் குரல்பதிவு போட்டால், பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டே மச்சான் நாலு நிமிடம் விளக்கம் சொல்லுவான். பவர் பிளே என்றால் எதிரணி ஆள் ஒருவர் குற்றத்துக்காக இரண்டு நிமிடம் வெளியே இருப்பது என்று அவன்தான் சொல்லித் தந்தான். குளத்தின் கதவு திறந்துவிட்டார்கள் என்று நாங்கள் ஒரு நாள் போட, "அது நல்லதோ கெட்டதோ?" என்று கேட்டான். அது எவ்வளவு திறந்தது என்பதைப் பொறுத்தது. வடக்கின் மிகப் பெரிய குளம் எங்களுடையது என்பதில் தொடங்கி, 2018 டிசம்பர் வெள்ளம், சிறுபோகத்துக்குத் தண்ணி பிரிக்கிற கூட்டம் வரை சொல்ல வேண்டி வந்தது. ஒரு ஹொக்கி அணி இல்லாவிட்டால் அந்தப் பேச்சு நடந்திருக்காது. வருடத்துக்கு ஒரு இறுதி ஆட்டம் மட்டும் இருந்திருந்தாலும் நடந்திருக்காது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். "வெள்ளைக்காரன்ர விளையாட்டை விட்டிட்டு எங்கட அணியைப் பாருங்கோ" என்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிறோம். லங்கா பிரிமியர் லீக்கில் 2020இலிருந்து 2024 வரை நடந்த ஐந்து பருவத்தில் நான்கு முறை யாழ்ப்பாண அணிதான் கிண்ணம் எடுத்தது. யாழ். மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் அந்த அணியில் தொடங்கி, 2024இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் வரை போனது எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்த ஐந்து பருவத்தில் ஓர் ஆட்டம்கூட வடக்கில் நடக்கவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, பல்லேகல, தம்புள்ள. சில கிழமைக்குள் எல்லாம் முடிந்து அணி கலைந்துவிடும். கிண்ணம் நாலு இருக்கு, சொந்த மைதானம் இல்லை, பருவத்தின் நடு என்று ஒன்றும் இல்லை. கிண்ணத்தைக் கொண்டாடலாம், கூட வாழ முடியாது.

ஊர் மைதானத்துக்கு வருவோம். எங்கட பக்கத்தில் விளையாட்டுக் குறைவில்லை. உதைபந்தாட்டம், கிரிக்கெட், கரப்பந்தாட்டம் எல்லாவற்றுக்கும் சுற்றுப்போட்டி நடக்கும். ஞாபகார்த்தக் கிண்ணம், வெளிநாட்டில் இருந்து அனுசரணை, ஒலிபெருக்கி, பிரதம விருந்தினர். எல்லாம் விலகல் முறை. காலை ஒன்பது மணிக்குத் தோற்ற அணி பத்து மணிக்கு வீட்டில். இரண்டு வார இறுதியில் கிண்ணம் போய்ச் சேரும், கொட்டகை கழன்றுவிடும். அதற்குப் பிறகு அடுத்த நோட்டீஸ் வரும் வரை ஒன்றுமில்லை.

ஒவ்வொரு பரிசளிப்பு மேடையிலும் ஒரு பேச்சு இருக்கும்: இளைஞர்களைப் போதையிலிருந்து விளையாட்டுத்தான் காப்பாற்றும். சரி, ஏற்றுக்கொள்கிறோம். வருடத்தில் 52 கிழமை. இரண்டு கிழமை காப்பாற்றிவிட்டு மிச்சம் ஐம்பது கிழமைக்கும் என்ன செய்யப் போகிறோம்? விலகல் முறைப் போட்டி நல்லாக விளையாடுகிற அணியைத்தான் கூட நேரம் மைதானத்தில் வைத்திருக்கும். பழக வேண்டிய அணியை முதலில் வீட்டுக்கு அனுப்பும். பதினேழு வயதுப் பெடியனை இறக்கிப் பார்க்க எந்தத் தலைவருக்கும் துணிவு வராது, ஒரு பிழை விட்டால் போட்டியே முடிஞ்சுது. பெண்கள் அணிகளுக்கு இது இன்னும் மோசம். பல இடங்களில் ஒரே நாளில் தொடங்கி அன்று பின்னேரமே முடியும்.

2018இல் வடகிழக்குப் பிரிமியர் லீக் என்ற உதைபந்தாட்டத் தொடர் நடந்தபோது கிளிநொச்சிக்கு கிளியூர் கிங்ஸ் என்று ஓர் அணி இருந்தது. அடுத்த ஆட்டம் எப்போது என்று சனம் கேட்ட காலம் அது. அவ்வளவு பெரிய மேடை எங்களுக்கு இப்போது தேவையில்லை. சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறோம்.

எட்டுக் கழகங்கள். இரணைமடு, வட்டக்கச்சி, இராமநாதபுரம், திருவையாறு, முறிகண்டி என்று பக்கத்து ஊர்களிலிருந்து எடுக்கலாம். ஒவ்வொரு கழகமும் மற்ற ஏழோடும் இரண்டு முறை, ஒன்று தன் மைதானத்தில், ஒன்று அவர்களின் மைதானத்தில். ஒரு கழகத்துக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு ஆட்டம் என்றால் 14 கிழமை. காலபோக அறுவடை முடிந்து பங்குனி நடுவில் தொடங்கினால் ஆனி முடிவுக்குள் முடிக்கலாம். தேவை பந்து, கோடு போடச் சுண்ணாம்பு, நடுவருக்குக் கொடுப்பனவு, தண்ணி, போய்வர ஒரு உழவு இயந்திரம். ஒலிபெருக்கி வேண்டாம். பிரதம விருந்தினர் வேண்டவே வேண்டாம். பெண்களுக்கும் இதே முறையில், நாலு அணியோடு என்றாலும், அதே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லீக்.

"முதல் மூண்டு ஆட்டம் தோத்தால் ஒருத்தரும் வரமாட்டாங்கள்" என்று ஓர் அண்ணை சொன்னார். அது உண்மையான பயம், நாங்களும் பேசினோம். ஆனால் தோற்ற அணி அடுத்த ஞாயிறும் வந்து நிற்கப் பழகுவதற்குத்தான் லீக். ஒரு தோல்வியோடு எல்லாம் முடிகிற முறையில் வளர்ந்தால் ஒரு தோல்வியோடு எல்லாம் முடிந்ததென்று நம்பத்தான் தோன்றும். பரீட்சையில், வேலையில், வேறு விடயங்களிலும் அப்படித்தான். நாலாவது ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதை யாராவது எங்கட பெடியள், பெட்டையளுக்கு அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிண்ணத்துக்குக் காசு தருகிறீர்கள், அதற்கு நன்றி. அடுத்த முறை ஒரு கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பொறுப்பெடுங்கள். ஏழாவது கிழமை, ஐந்தாம் இடத்து அணியும் ஆறாம் இடத்து அணியும் மோதுகிற, படம் எடுத்துப் போட ஒன்றுமில்லாத ஞாயிறு. பிறகு "என்ன நடந்தது?" என்று ஒரு குரல்பதிவு போடுங்கள். பதிலுக்கு நாலு நிமிடம் நாங்கள் விளக்கம் சொல்லுவோம்.

இந்தக் கணக்கை ஸ்காபரோ மச்சானுக்கும் அனுப்பினோம். அவன் காசைப் பற்றியோ கிண்ணத்தைப் பற்றியோ கேட்கவில்லை. புள்ளிப் பட்டியலை எங்கே பார்க்கலாம் என்றுதான் கேட்டான். இன்னும் பட்டியல் இல்லை. பங்குனிக்கு முன்னம் கழகங்கள் ஒருக்கால் கூடி இருந்து பேசினால், அவனுக்கு அனுப்ப ஒன்று இருக்கும்.