கல்லும் இரும்பும் இருக்க ஈயம் எதற்கு?

வாரமெல்லாம் அலுவலகத்திலோ கடையிலோ பட்டறையிலோ உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே தோளில் ஒரு பையும் கையில் ஒரு தூண்டிலுமாகக் கடற்கரைக்கு வந்து சேரும் மனிதர்களைச் சென்னை முதல் கன்னியாகுமரி வரை எந்தக் கரையில் நடந்தாலும் இப்போது காணலாம். படகில்லை, வலையில்லை, மீன் விற்றுப் பிழைக்கும் நிர்ப்பந்தமும் இல்லை. அலை நுரைக்கும் விளிம்பில் நின்று இரையை எறிந்து, தூண்டில் நரம்பின் துடிப்பை விரல் நுனியில் உணர்ந்து காத்திருப்பதில் இவர்கள் அடையும் ஆனந்தம் எவ்வளவு தூயது என்பதைச் சிறு வயது முதல் அதில் ஊறிய நான் அறிவேன். இவர்களுடைய கருவிகளைக் குறித்து ஒரு விஷயத்தைத் திட்டமாகச் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கருதியே இதை எழுதுகிறேன்.

இவர்களில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று அடி நீளக் கார்பன் கம்பும் அதற்கேற்ற சுழல் ராட்டையும் வாங்குகிறவர்கள். மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலின் மேல் தங்கூசு என்னும் நைலான் நரம்பைச் சுற்றி, அதன் நுனியைத் தலைக்குமேல் இரண்டு சுற்றுச் சுழற்றி எறிகிறவர்கள், பி.வி.சி. குழாயின் ஒரு முனையைச் சாய்வாக அறுத்து மணலில் ஊன்றி அதையே கம்புக்குத் தாங்கியாக்குகிறவர்கள். கோழி இறகையும் பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பையும் கொண்டு பொய்யிரை செய்கிறவர்கள். என் அனுதாபமும் மரியாதையும் இந்த இரண்டாம் சாராரிடமே செல்கின்றன என்பதை மறைப்பதற்கில்லை.

அது வெறும் ஏழ்மைப் பாசமன்று. மீன்பிடிக் கருவிகளின் சரித்திரமே கையால் செய்தவனின் சரித்திரந்தான். ஜப்பானின் ஒகினாவாத் தீவில் சகிடாரி என்னும் குகையிலே கண்டெடுக்கப்பட்ட, கடற்சங்கின் ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முட்கள் ஏறத்தாழ 23,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். அவ்வளவு தூரம் போவானேன்? இன்று உலகெங்கும் விற்பனையாகும் ராபலா என்னும் பொய்யிரை, 1936-ஆம் ஆண்டில் பின்லாந்து தேசத்து ஏரியொன்றில் மீன் பிடித்துக் குடும்பத்தைக் காத்த லௌரி ராபலா என்பவர், செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, பழைய புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாகப் பூசி உண்டாக்கியதே. மீன் எப்படி நீந்துகிறது, அடிபட்ட மீனை வேட்டை மீன் எப்படித் தேடிப் பிடிக்கிறது என்று பொறுமையாகக் கவனித்த கண்ணுக்கே அந்தக் கை பணிந்தது. தன் கருவியைத் தானே செய்கிறவன் கடலைக் கூர்ந்து பார்க்கப் பழகுகிறான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தவிரவும், வெகுதூரம் எறிய வேண்டும் என்ற ஆசையே நம் கரைக்குப் பெரும்பாலும் அநாவசியமானது. அலை எங்கே முதலில் உடைகிறதோ அங்கே நீருக்கடியில் ஒரு மணல் திட்டு இருக்கும். அந்தத் திட்டுக்கும் கரைக்கும் நடுவே வாய்க்கால்போல் ஓர் ஆழம் ஓடும். அலை புரட்டிப் போடும் புழுக்களும், அலை பின்வாங்குகையில் மணலுக்குள் புதைந்துகொள்ளும் சிறு நண்டுப் பூச்சிகளும் அங்கேதான் சேர்கின்றன. அவற்றைத் தின்னக் கிழங்கானும் கெளிறும் வருகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து, விடியலிலும் அந்தியிலும், முகத்துவாரங்களை ஒட்டிய இடங்களில் கொடுவாவும் காலாவும் வருகின்றன. பாட்டில் நரம்பைச் சுழற்றி எறிபவனின் இரை விழுகிற இடம் பெரும்பாலும் இதுவே. நூறு கஜம் எறிந்து மகிழ்பவரின் இரையோ பல சமயங்களில் மீனின் தலைக்குமேல் பறந்து போய்விடுகிறது.

இவ்வளவு பாராட்டியபின், வீட்டில் செய்யும் இந்தக் கருவிகளில் ஒன்றைமட்டும் நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன். அதுதான் ஈயக் குண்டு.

பழைய மின்கலத் தகடு, குழாய்த் துண்டு, கிழிந்த வலையின் ஈயமணி என்று கிடைத்ததையெல்லாம் ஒரு வாணலியில் போட்டு, கொல்லைப்புறத்து அடுப்பில், சில வீடுகளில் சமையலறையிலேயே, உருக்கி வார்ப்பது பரம்பரையாக வந்த வழக்கம். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடுவதால் விறகடுப்பே போதும். அந்தச் சுலபமே அதன் அபாயம். ஈர மணலில் விரலால் குழி செய்து ஊற்றியபோது, நீர் ஒரு கணத்தில் ஆவியாகி உருகிய ஈயத்தைத் தெறிக்கச் செய்ததன் வடு என் இடது முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தப் புண் ஆறிவிட்டது. உருக்கும்போது எழும் புகையும், வாணலியில் மிதந்து உலரும் கசடும், தரையில் படியும் கண்ணுக்குத் தெரியாத தூளும், தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குள் போய் மூளையின் வளர்ச்சிக்குச் செய்யும் கேடு ஆறக்கூடியதன்று. உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. பெட்ரோலிலிருந்து 2000-ஆம் ஆண்டில் ஈயத்தை நீக்கிய நம் தேசம், வீட்டு வர்ணங்களில் அதற்கு 2016-இல் கடுமையான வரம்பு விதித்த நம் தேசம், தூண்டில் குண்டைப் பற்றிமட்டும் ஏன் மௌனமாயிருக்க வேண்டும்?

வீட்டைத் தாண்டிக் கரைக்கு வந்தாலும் நிலைமை மோசமே. கடல் அரிப்பைத் தடுக்க மீனவக் கிராமங்களில் கட்டப்படும், தூண்டில் முள்போல வளைந்த பாறைச் சுவருக்குத் தூண்டில் வளைவு என்றே பெயர். பாறையை நாடி ஓராவும் பாரையும் வருவதால், நம்மவர்கள் கூட்டமாக நிற்பதும் அங்கேதான். எறியும் குண்டுகளில் பாறையிடுக்கில் சிக்கி அறுந்து போகிறவற்றுக்குக் கணக்கேயில்லை; நீர் வற்றும் வேளையில் குனிந்து பார்த்தால் நரம்புக் கொத்துகளும் அவற்றின் நுனியில் ஈயமும் தெரியும். அவ்வளவும் அங்கேயே கிடந்து தேயும்.

இங்கிலாந்தில் அன்னப்பறவைகள், இரைப்பையில் உணவை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் வழக்கத்தால், தூண்டில்காரர்கள் விட்டுச்சென்ற ஈயமணிகளையும் விழுங்கி மாண்டன. அதைக் கண்டு 1987-ஆம் ஆண்டு முதல், 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகளின் விற்பனையை, மிக நுண்ணிய மணிகள் நீங்கலாக, அங்கே தடை செய்தார்கள். தூண்டில் கலை அதனால் அழிந்துவிடவில்லை. பழவேற்காட்டு ஏரியிலும் முட்டுக்காட்டு முகத்துவாரத்திலும் நம் நீர்ப்பறவைகளும் சேற்றைக் கிளறித்தான் இரை தேடுகின்றன.

ஈயத்தைப்போல் வேறெது கனக்கும் என்று நண்பர்கள் கேட்பது நியாயமே. கணக்கிட்டே பதில் சொல்கிறேன். கடல்நீருக்குள் 100 கிராம் ஈயம் 91 கிராம் எடையாக நிற்கும். அதே எடையை நீருக்குள் பெற இரும்பானால் 105 கிராம் போதும். கருங்கல்லானால் ஏறத்தாழ 147 கிராம் வேண்டும். இரும்புக்கும் ஈயத்துக்கும் உள்ள பேதம் ஐந்தே கிராம்! பழைய போல்ட்டு, நட்டுக் கோவை, இயந்திரம் பழுதுபார்க்கும் கடையில் எறிந்துவிடும் ஸ்பார்க் பிளக் ஆகியவை ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிலுக்குத் தாராளமாகப் போதும். கல் பருமனாயிருப்பதால் காற்றில் இழுபட்டுச் சற்றுக் குறைந்த தூரமே போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தட்டையான கல், உருண்டை ஈயத்தைப்போல் நீரோட்டத்தில் உருண்டோடாமல் மணலைப் பற்றிக்கொண்டு கிடக்கும். இராமநாதபுரத்துக் கரையில் எனக்குத் தூண்டில் கற்றுத் தந்த பெரியவர், நடுவில் இடுப்புப்போல் சற்றுக் குறுகிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, அந்த இடுப்பில் பருத்தி நூலைக் கட்டுவார். கல் பாறையில் சிக்கினால் நூல் அறும்; முள்ளும் நரம்பும் மீனும் கைக்கு வரும். நரம்பை மிச்சம் பிடிக்க அவர் கண்ட உபாயம் அது. இன்று கடலுக்கும் அதுவே உபகாரம்.

கம்பால் எறிகிறவர்கள் மட்டும் இதில் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். வீசும் வேகத்தில் பலவீனமான நூல் அறுந்தால் கல் கவண்கல்லாகப் பறக்கும். சைக்கிள் ஆரக்கம்பியைத் திறந்த கொக்கியாக வளைத்து, எடையின் வளையத்தை அதில் மாட்டி, மெல்லிய நூலைத் தளர்வாக உடன் கட்டிவிட்டால், வீச்சின் பாரத்தைக் கொக்கி தாங்கும். நீரில் விழுந்து நரம்பு தளர்ந்ததும் எடை கொக்கியிலிருந்து நழுவி நூலில் தொங்கும்.

நரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தங்கூசு மக்காது. தை முதல் பங்குனி வரை முட்டையிட நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையின் துடுப்பில் அது சுற்றிக்கொண்டால் அறுப்பார் யாருமில்லை. கெட்டுப்போன நரம்பைக் கரையில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, விரற்கடைத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேர்ப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

அரசாங்கம் முதற்காரியமாக, சிறு ஈய எடைகளைக் கடைகளில் விற்பதைத் தடை செய்ய வேண்டும். மீன்வளத்துறை இரும்பு எடைகளை மலிவாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். வலையின் ஈயமணி தொழிலோடு பிணைந்த விஷயமாகையால், மீனவர்களைக் கலந்து, அவர்களுக்கு நஷ்டமின்றி, படிப்படியாகவே அதை அணுகுவது முறை. நம்மைப்போல் பொழுதுபோக்காகக் கரைக்குப் போகிறவர்களுக்கு அந்த அவகாசம் தேவையில்லை. வீட்டில் ஈயம் உருக்கும் வாணலி இருக்குமானால், அதை மறுபடி எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தாமல், மிஞ்சிய ஈயத்தோடு சேர்த்துப் பழைய மின்கலம் வாங்கும் உரிமம் பெற்ற கடையில் கொடுத்துவிடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பையில் நான்கு போல்ட்டுகளைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள்.