ஒரே பில்லை எத்தனை தடவை அடிப்பது?

கோவை குறிச்சி, அம்பத்தூர், ஓசூர் பக்கம் இயங்கும் சிறு உதிரிபாகப் பட்டறைகளில் கணக்குப் பார்ப்பவரின் வேலையைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். மூன்று பெரிய கம்பெனிகளுக்குச் சரக்கு போகிறது என்றால் மூன்று போர்ட்டல், மூன்று லாகின். ஒரு கம்பெனியின் ஆர்டரை அதன் போர்ட்டலிலிருந்து எக்செல்லாக இறக்க வேண்டும். இன்னொன்றுடையது பிடிஎஃபாக மின்னஞ்சலில் வரும். அதைப் பார்த்து டேலி கணக்கு மென்பொருளில் ஒரு தடவை அடிக்க வேண்டும். சரக்கு லாரியில் ஏறியதும் அதே பாக எண்ணையும் எண்ணிக்கையையும் பில் எண்ணையும் வாங்குபவரின் போர்ட்டலில் மறுபடியும் ஏற்ற வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால் வண்டி கேட்டைத் தாண்டாது.

இரு பக்கமும் கணினி இருக்கிறது, இடையில் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் அடித்துக்கொண்டிருக்கிறார். பெரிய நிறுவனம் காகிதத்தை ஒழித்துவிட்டதாகச் சொல்லும்போது, பல நேரங்களில் அதன் ஊழியர் செய்துவந்த தட்டச்சு வேலை சப்ளையரின் தலையில் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கூலி பில்லில் எங்கும் ஏறுவதில்லை.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றல்ல. 1948இல் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் அடைத்தபோது, நகரத்துக்கு வேண்டிய நிலக்கரியும் மாவும் விமானத்தில்தான் போயின. அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த எட்வர்ட் கில்பர்ட், எந்த விமானத்தில் என்ன சரக்கு என்பதை டெலக்ஸிலோ வானொலியிலோ தொலைபேசியிலோ ஒரே மாதிரி சொல்லக்கூடிய ஒரு பட்டியல் வடிவத்தை உருவாக்கினார். அந்த எண்ணம் பிற்பாடு வணிகத்துக்கு வந்தது. 1979இல் அமெரிக்காவில் இத்தகைய பொது வடிவங்களை வகுக்க எக்ஸ்12 குழு அமைந்தது, 1987இல் ஐ.நா. ஆதரவில் எடிஃபேக்ட் சர்வதேசத் தரமானது. எக்ஸ்12இல் 850 என்றால் ஆர்டர், 856 என்றால் சரக்கு புறப்பட்ட தகவல், 810 என்றால் இன்வாய்ஸ். அனுப்புபவரின் மென்பொருள் எழுதுவதைப் பெறுபவரின் மென்பொருள் நேரடியாகப் படித்துக்கொள்ளும்.

திருப்பூரில் இது அன்றாட விஷயம். அமெரிக்கச் சில்லறைக் கடைகளுக்குப் பனியனும் டி-ஷர்ட்டும் அனுப்பும் ஏற்றுமதியாளரின் பேக்கிங் பிரிவில் ஒவ்வொரு அட்டைப்பெட்டியிலும் ஒரு லேபிள் ஒட்டப்படும். அதில் 18 இலக்கங்கள். முதல் 17 இலக்கங்களை மாறி மாறி 3ஆலும் 1ஆலும் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை, அடுத்த பத்தை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுவே 18ஆவது இலக்கம். ஸ்கேனர் ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தால் அந்தக் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பெட்டியில் எந்த நிறம், எந்த சைஸ், எத்தனை உருப்படி என்பது 856 செய்தியாகச் சரக்கு போய்ச் சேருவதற்கு முன்பே வாங்குபவரின் கணினியில் இருக்கும். கிடங்கில் பெட்டியைப் பிரிக்காமலே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். லேபிள் எண்ணும் செய்தியும் பொருந்தாவிட்டால் பில் தொகையில் பிடித்தம் விழும். அதைச் சார்ஜ்பேக் என்பார்கள். கண்டிப்பான முறைதான். ஆனால் விதி எழுத்தில் இருக்கிறது, அதைக் கற்றுக்கொண்டவர் பிழைத்துக்கொள்கிறார்.

இத்தனை கச்சிதமாக உலகத்துக்குச் சரக்கு அனுப்பும் மாநிலத்தில், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகும் சரக்குக்கு ஏன் ஆளுக்கொரு போர்ட்டல்?

நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் செய்து காட்டியிருக்கிறோம். ஜிஎஸ்டி மின் இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1ஆம் தேதி, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. பிறகு 100 கோடி, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. பில்லில் எந்தத் தகவல் எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்பது நாடு முழுவதும் ஒன்றுதான். டேலியோ ஸோஹோவோ எஸ்ஏபியோ, எதில் போட்டாலும் அரசுத் தளம் 64 எழுத்து அடையாளத்தையும் க்யூஆர் குறியையும் தருகிறது. மூன்றே ஆண்டுகளுக்குள் நடந்தது இது. பாராட்டப்பட வேண்டிய சாதனை.

ஆனால் இன்வாய்ஸ் என்பது வியாபாரத்தின் கடைசிக் காகிதம். அதற்கு முன்னால் ஆர்டர் இருக்கிறது, மாதாந்திர ஷெட்யூல் இருக்கிறது, சரக்கு புறப்பட்ட தகவல் இருக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்ததும் ஸ்டோர்ஸ் தரும் ஜிஆர்என் ரசீது இருக்கிறது. வரி வசூலுக்குத் தேவைப்பட்ட ஒரே காகிதத்துக்குப் பொது வடிவம் கிடைத்தது. பட்டறைக்காரருக்குத் தேவைப்படும் மற்றவை அப்படியே கிடக்கின்றன.

ஜிஆர்என் விஷயம் சாதாரணமானதல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் என்னவாக இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த நாள்கணக்கு தொடங்கும் தேதி யாருடைய கணினியில் இருக்கிறது? வாங்குபவருடையதில். சரக்கு வந்து சேர்ந்த அன்றே பொதுவான வடிவத்தில் ஒரு செய்தி சப்ளையரின் மென்பொருளுக்குத் தானாக வந்து விழுந்தால், தேதியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அந்த ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வங்கியிடமும் பேசலாம்.

தரம் என்று ஒன்றை அறிவித்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்12க்கும் எடிஃபேக்ட்டுக்கும் மேலே ஒவ்வொரு பெரிய நிறுவனமும் தனக்கென்று ஒரு வழிகாட்டிக் கையேடு போட்டுக்கொண்டது. ஒருவருக்குக் கட்டாயமான கட்டம் மற்றவருக்கு வேண்டாதது. ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் மாறிய காலம் போல, பெயர் ஒன்று, அளவு வேறாகிவிட்டது. ஐரோப்பாவில் 2008இல் தொடங்கிய பெப்போல் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. அங்கே உள்ளடக்கத்தின் விதிகளும் பொது, பாதையும் பொது. ஒரு சேவையாளர் வழியாக ஒருமுறை இணைந்தால் அந்த வலையில் உள்ள எல்லோருக்கும் அனுப்பலாம். சிங்கப்பூர் அதை எடுத்துக்கொண்டு 2019இல் நாடு தழுவிய மின் இன்வாய்ஸ் முறையைத் தொடங்கியது.

தமிழக அரசு பெரிய ஆலைகளுடன் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போடுகிறது, சலுகைகள் தருகிறது. அந்த ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை சேர வேண்டும்: ஆர்டர், ஷெட்யூல், சரக்கு புறப்பட்ட தகவல், ஜிஆர்என் ஆகிய நான்கையும் வெளிப்படையாக வெளியிடப்பட்ட ஒரே வடிவத்தில், சப்ளையரின் சொந்த மென்பொருளோடு நேரடியாகப் பரிமாறிக்கொள்ள வழி செய்ய வேண்டும். தங்கள் போர்ட்டலை வைத்துக்கொள்ளட்டும், அதைக் கட்டாயமாக்கக் கூடாது. வடிவத்தை முடிவுசெய்யும் மேஜையில் கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் உட்கார வேண்டும். மின் இன்வாய்ஸைப் போலவே இதையும் மிகப் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறக்கலாம். மென்பொருள் செலவை முதலில் தாங்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.