ஒரே நாளில் தொடங்கிய இரு நோன்புகள்



2024 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள், திங்கட்கிழமை. எகிப்து நாட்டின் தலைநகராகிய கெய்ரோவில் இரு நோன்புகள் ஒன்றாகத் தொடங்கின. இஸ்லாமியருக்கு அது ரமலான் மாதத்தின் முதல் நாள். கோப்திக் கிறிஸ்தவர்களுக்கோ 55 நாள் பெருந்தவக்காலத்தின் முதல் நாள்.

ரமலான் பிறையைப் பின்பற்றும் மாதம். பிறை ஆண்டு சுமார் 354 நாட்களே ஆதலால், அது ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முந்தி வரும். ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கோடையில் வந்தால் கெய்ரோ மக்கள் கடும் வெயிலில் ஏறத்தாழ 16 மணி நேரம் நோன்பிருக்க வேண்டும். இளவேனிலின் தொடக்கத்தில் வந்தால் 13 முதல் 14 மணி நேரம். ஆயினும் பாலைவனத்திலிருந்து மணலை வாரிவரும் கம்சீன் காற்று சில நாட்களில் வீசி, நாவை வறளச் செய்துவிடும்.

வைகறைத் தொழுகை நேரம் முதல் கதிரவன் மறையும் வரை உணவில்லை, ஒரு மிடறு நீருமில்லை, புகையுமில்லை. தேநீர்ப் பழக்கமுடையோரை முதல் சில நாட்கள் தலைவலி வாட்டும். சிறு குழந்தைகள், நோயாளிகள், பயணிகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

பழைய தெருக்களில் விடியுமுன் ஒருவர் சிறு பறையை அடித்துக்கொண்டு வந்து மக்களைத் துயிலெழுப்புவார். வைகறை உணவில் முதலிடம் பெறுவது ‘ஃபூல்’. இரவு முழுதும் குறுகிய வாயுள்ள பானையில் மெல்லிய தீயில் வெந்த பெரிய அவரை விதையில் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சீரகமும் சேர்த்து உண்பர்.

மாலையில் அனைவரும் ஒரே வேளையில் வீடு திரும்புவதால் சாலைகள் திணறும். பசித்த வயிற்றோடு பொறுமையும் குன்றும். நோன்பு திறக்கும் நேரம் நெருங்க, தெருக்கள் வெறிச்சோடும். வழியில் அகப்பட்டுக்கொண்டோருக்கு இளைஞர்கள் நாற்சந்திகளில் நின்று பேரீச்சம்பழமும் பானமும் நீட்டுவர். அவ்வேளையில் அருந்தும் பானங்களுள் ஒன்று ‘தம்ர் ஹிந்தி’. ‘இந்தியப் பேரீச்சை’ என்பது அதன் பொருள். வேறொன்றுமில்லை, நம் வீட்டுப் புளியேதான்!

இவ்வளவுக்கும் நடுவே இல்லத்தரசியை எண்ணிப் பாருங்கள். அவளும் நோன்பிருப்பவளே. மற்றவர் களைத்துச் சாய்ந்திருக்கும் பிற்பகலில் அவள் அடுப்பின் முன் நிற்கிறாள். விருந்தினர் வருவர், இனிப்பும் செய்தாக வேண்டும். பசியை அடக்கும் மாதத்தில் சமையற்கட்டின் செலவு ஏறிவிடுகிறது என்பது அங்குள்ளோரே கூறிக்கொள்ளும் குறை.

அவ்வாண்டு அச்சுமை இன்னும் கனத்தது. நோன்பு தொடங்க ஐந்து நாட்களே இருக்க, மார்ச் 6 ஆம் நாள், எகிப்திய நாணயம் ஒரே நாளில் பெருவீழ்ச்சி கண்டது. அதுவரை டாலருக்குச் சுமார் 31 பவுண்டாக இருந்த மதிப்பு ஏறத்தாழ 50 ஆயிற்று. முன்பே விலைவாசியால் நொந்திருந்த ஏழை வீடுகளில் இறைச்சி எட்டாக் கனியாயிற்று. இத்தகையோருக்கென்றே அங்கே ‘பேரருளாளனின் பந்தி’ எனப்படும் வழக்கம் உண்டு. தெருவோரம் நீண்ட மேசைகளிட்டு, வருவோர்க்கெல்லாம் இலவசமாக உணவு படைப்பர். அமர்பவனின் பெயரை எவரும் கேட்பதில்லை. இப்பந்தியைக் கிறிஸ்தவர்கள் நடத்தும் இடங்களும் உண்டு.

கோப்திக் இல்லங்களில் நடந்தது என்ன? பெருந்தவக்காலத்தில் அவர்கள் இறைச்சி, மீன், முட்டை, பால் அனைத்தையும் விலக்குவர். பலர் பிற்பகல் வரை ஒன்றும் உண்ணார். பின்னர் அவர்கள் உண்பதும் பெரும்பாலும் அதே ஃபூல்தான்! பொது இடத்தில் அண்டை வீட்டார் முன் உண்ணாதிருக்கும் நாகரிகமும் அவர்களிடம் உண்டு. அந்நாட்டில் இரு சமயத்தாரிடையே குருதி சிந்திய நாட்களும் இருந்தன. 2017 ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று தாந்தா, அலெக்சாந்திரியா நகர்களின் ஆலயங்களில் குண்டுகள் வெடித்ததை யார் மறப்பர்? அத்துயரத்திற்குப் பின்னும் ஒரே தெருவில் ஒருவர் பசியை மற்றவர் மதித்து வாழ்வது சிறிய செயலன்று.

இதில் நமக்கும் பாடம் உண்டு. தவக்காலத்தில் புலால் மறுத்துவிட்டு, அதற்கு ஈடாக நாவுக்கினிய வேறு பண்டங்களைத் தேடுகிறோமா? மிச்சமான பணம் யார் வயிற்றை நிரப்பிற்று என்று கணக்குப் பார்த்திருக்கிறோமா? நோன்பு நாளிலும் தாய்க்கு அடுப்படியில் ஓய்வுண்டா? இல்லையெனில், நாம் ஒறுத்தது எதனை?

நம் ஊர்களிலும் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் அடுத்த வீட்டுக்கு வருவதுண்டு. அதை வாங்கும்போது கொண்டுவந்த பிள்ளையிடம், “உன் அம்மாவும் நோன்பா? உடல்நலம் எப்படி?” என்று அன்போடு கேளுங்கள். வாளியை வெறுமையாய்த் திருப்பி அனுப்பாதீர்கள். பசியை அறிந்தவனே பசித்தவனை அறிவான். அந்த அறிவு நம் இல்லங்களில் வளர்வதாக!