வடிகட்டிகள் மட்டும் குடிநீரைப் பாதுகாத்துவிடுமா?

குடிநீர் வடிகட்டி இன்று வசதி படைத்தோரின் வீடுகளில் மட்டும் காணப்படும் பொருளன்று. கிணற்று நீரை அள்ளிப் பருகிப் பழகிய யாழ். குடாநாட்டிலும், கிழக்கின் கரையோரக் கிராமங்களிலும், புத்தளம் மாவட்டத்திலும் அது படிப்படியாக அத்தியாவசியப் பொருளாகி வருகின்றது. மாதாந்தத் தவணையிலேனும் அதனை வாங்கிவிட வேண்டுமென்று சாதாரண குடும்பங்கள் எண்ணுவதற்கு அச்சமே காரணம். தமது கிணற்றின் மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்பதே இதன் பொருளாகும்.

அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. வற்றாத ஆறெதுவும் இல்லாத யாழ். குடாநாடு, சுண்ணக்கற் பாறைகளுக்குள் தேங்கும் மழைநீரையே காலங்காலமாக நம்பியிருக்கின்றது. செறிவான பயிர்ச்செய்கைக்கு இடப்படும் உரமும், நெருக்கமாக அமைந்த மலசலகூடக் குழிகளின் கழிவும் அந்த நிலத்தடி நீரில் நைத்திரேற்றின் அளவை உயர்த்தியுள்ளமையை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்திலும் இதே பிரச்சினை உண்டு. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரக் கிணறுகளை உவர்நீராக்கியது. வட மத்திய மாகாணத்திலோ நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்துடன் பிணைந்துள்ளன. அந்நோய்க்கான காரணம் இன்றும் ஐயமற நிறுவப்படவில்லை.

ஆக, நாட்டின் குடிநீர்ப் பிரச்சினை ஒன்றல்ல, பல. ஆனால் சந்தையில் விற்கப்படும் வடிகட்டியோ எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்பது போல விளம்பரப்படுத்தப்படுகின்றது. கோளாறு இங்கேதான் தொடங்குகின்றது.

வடிகட்டியின் உண்மையான வேலையைச் செய்வது அதன் வெளிக்கூடு அன்று. உள்ளே பொருத்தப்படும், காலத்துக்குக் காலம் மாற்றப்பட வேண்டிய 'காட்ரிஜ்' எனப்படும் உள்வடிகட்டியே. பஞ்சு போன்ற நூலிழையாலான 5 மைக்ரோன் உள்வடிகட்டி மண்ணையும் துருவையும் தடுக்கும். ஆனால் நோய் தரும் பல பக்டீரியாக்கள் அதனினும் சிறியன. வைரசுகளோ பன்மடங்கு சிறியன. தேங்காய்ச் சிரட்டைக் கரியிலிருந்து தயாரிக்கப்படும் ஏவப்பட்ட காபன், குளோரினையும் நாற்றத்தையும் சில சேதனப் பொருட்களையும் உறிஞ்சிக்கொள்ளும். இத்தகைய காபனை உலகச் சந்தைக்கு ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். எனினும் நீரில் கரைந்துள்ள நைத்திரேற்றையோ, உப்பையோ, கடினத்தன்மையையோ காபன் அகற்றுவதில்லை. அவற்றை அகற்றுவதற்கு ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையோ, அதற்கெனத் தயாரிக்கப்பட்ட அயன்பரிமாற்றப் பிசினோ தேவை.

இந்த வேறுபாடு வெறும் தொழில்நுட்ப விபரமன்று. குழந்தைகளின் உயிருடன் தொடர்புடையது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். அளவு மிஞ்சிய நீரில் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. நீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று அகலாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தெளிவான, சுவையான, நாற்றமற்ற நீர் வருகின்றது என்பதற்காகக் காபன் வடிகட்டியை நம்பிக் குழந்தைக்குப் பால் கரைக்கும் தாய்க்கு இதனை எடுத்துச் சொல்வது யார்?

பொருத்தமான உள்வடிகட்டியே பொருத்தப்பட்டிருந்தாலும் அதற்கும் ஆயுள் உண்டு. அடைபட்ட நூலிழை வடிகட்டி நீரோட்டம் குறைவதன் மூலம் தன் நிலையைக் காட்டிக்கொடுக்கும். காபன் அவ்வாறன்று. அதன் உறிஞ்சும் ஆற்றல் தீர்ந்த பின்னரும் நீர் வழமைபோலவே ஓடும். குளோரின் நீக்கப்பட்ட ஈரமான காபன் படுக்கையில் கிருமிகள் பெருகவும் கூடும். அயன்பரிமாற்றப் பிசின் நிரம்பிவிட்டால், பிடித்து வைத்திருந்த நைத்திரேற்றையே மீண்டும் நீருக்குள் விட்டுவிடக் கூடும். காபன் உள்வடிகட்டியைக் கழுவி வெயிலில் உலர்த்தி மீண்டும் பொருத்துவது பணத்தை மிச்சப்படுத்தலாம். இழந்த ஆற்றலை மீட்டுத் தராது. மாற்றப்படாத வடிகட்டி, வடிகட்டியே இல்லாத நிலையை விட ஆபத்தானதாகவும் அமையலாம். இல்லாதவனிடம் எச்சரிக்கையாவது இருக்கும்.

உள்வடிகட்டியை மாற்றுவது ஒருமுறைச் செலவன்று. பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கணக்குப் பார்க்கும் குடும்பங்கள் முதலில் தள்ளிப்போடுவது இத்தகைய செலவுகளையே. எனவே தூய நீர் என்பது வாங்கும் சக்தியைப் பொறுத்த விடயமாக மாறிவிடுகின்றது. நீரை மாசுபடுத்தியவர் ஒருவராகவும், அதனைச் சுத்திகரிக்கும் செலவைச் சுமப்பவர் இன்னொருவராகவும் இருப்பது எவ்வகையில் நியாயம்? சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும் என்பதே அத்தீர்ப்பு உணர்த்திய பாடம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரில் 2014 இல் நீர் மூலத்தை மாற்றியதைத் தொடர்ந்து குழாய் நீரில் ஈயம் கலந்தது. அங்கு வடிகட்டிகளை மட்டுமன்றி, மாற்று உள்வடிகட்டிகளையும் இலவசமாக விநியோகிக்க அரச நிர்வாகம் முன்வர நேர்ந்தது. ஈயத்தை அகற்றுவதற்கெனச் சான்றுபெற்ற வடிகட்டிகளே வழங்கப்பட்டன. ஆயினும் அது தற்காலிக ஏற்பாடாகவே கொள்ளப்பட்டு, ஈயக் குழாய்களை அகற்றும் பணி நிரந்தரத் தீர்வாக முன்னெடுக்கப்பட்டது. வடிகட்டி ஒரு ஊன்றுகோல்; அதுவே காலாகிவிட முடியாது.

நமது பிரதேசங்களில் செய்யக்கூடியவை பல உள்ளன. முதலாவது, பரிசோதனை. தனது கிணற்று நீரில் என்ன இருக்கின்றது என்பதை அறியாத ஒருவரால் எந்த உள்வடிகட்டி தேவை என்பதைத் தீர்மானிக்க இயலாது. உள்ளூராட்சி மன்றங்களும் சுகாதாரத் திணைக்களமும் கிராமம் தோறும் கிணறுகளைக் கிரமமாகப் பரிசோதித்து, முடிவுகளைப் பொதுமக்கள் அறியக் காட்சிப்படுத்த வேண்டும். இரண்டாவது, எதனை அகற்றும், எதனை அகற்றாது, எத்தனை லீற்றருக்குப் பின் மாற்ற வேண்டும் என்பவற்றை ஒவ்வொரு உள்வடிகட்டியின் உறையிலும் தமிழிலும் அச்சிடுவது கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்றாவது, கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் உள்ள வறிய குடும்பங்களுக்கு முன்னுரிமை வழங்கப்பட வேண்டும்.

பொது இடங்களிலும் கவனம் தேவை. கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் நன்கொடையாளர்களின் பெயர் பொறித்த வடிகட்டிகள் காணப்படுகின்றன. தண்ணீர்ப் பந்தல் அமைப்பதை அறமாகப் போற்றும் மரபும், நீர் வழங்குவதை நிலையான தர்மமாகக் கருதும் மரபும் நமக்குண்டு. ஆனால் இயந்திரத்தை வழங்கியதுடன் அறம் நிறைவடைவதில்லை. உள்வடிகட்டி கடைசியாக மாற்றப்பட்ட திகதியை அதன் அருகில் எழுதி வைப்பதும், அடுத்த மாற்றத்துக்கு நிதி ஒதுக்குவதும் அந்த அறத்தின் பகுதிகளே.

நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைச் சுத்திகரிக்கும் கொள்ளளவு கொண்ட தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களின் நீர் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்றடைய வேண்டும். அதேவேளை, உரப் பாவனையைக் கட்டுப்படுத்தி, மலசலகூடக் குழிகளைச் சீர்செய்து, மழைநீரை நிலத்துக்குள் சேமிக்காவிட்டால் கிணறுகள் மீளப்போவதில்லை. கிணறுகளைக் கைவிட்டு உள்வடிகட்டிகளிடம் அடைக்கலம் புகும் சமூகம், தன் குழந்தைகளின் தாகத்தைச் சந்தையிடம் ஒப்படைக்கின்றது. அதனைத் தடுக்கும் பொறுப்பு அரசுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.