கூலிக்கு மாரடித்தவர்கள்

மனம் ஒட்டாமல் வேலை செய்கிறவரை 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று சொல்கிறோம். சாதாரணமாகப் பேச்சில் வந்துபோகும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் பாட்டிகளின் வாழ்க்கை இருக்கிறது.

பண்ணையார் வீட்டில் சாவு விழுந்தால் சேரிக்குத் தகவல் வரும். நடவு வயலில் நின்ற பெண்கள் கரையேறி ஓட வேண்டும். வாசலுக்கு வெளியே வட்டமாக நின்று, மாரடித்து ஒப்பாரி வைக்க வேண்டும். இழவு சொல்வது, பறையடிப்பது, குழி வெட்டுவது ஆண்களின் வேலை. இதற்குப் பேசி வைத்த கூலி கிடையாது. கொடுக்கிற நெல்லையும் பழைய சேலையையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வர மறுத்தால் மறுநாள் வயல் வேலை இருக்காது.

ராஜஸ்தானிலும் இதே கதைதான். அங்கே மேல்சாதி நிலக்கிழார்களின் சாவுக்கு அழுத 'ருடாலி' பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரே.

இந்தக் கட்டாயத்தை நம் மக்கள் எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்ற போராட்டத்தைக் கடலூர் வட்டாரத்தில் முன்னெடுத்தவர் எல்.இளையபெருமாள். தீண்டாமை குறித்து ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969இல் அறிக்கை தந்தவரும் அவரே.

இன்று காலம் மாறியிருக்கிறது. ஒப்பாரிக் குழுவினர் போனில் தொகை பேசி, முன்பணம் வாங்கி, மைக் செட்டோடு வேனில் போகிறார்கள். பறை மேடையேறிவிட்டது. மதுரை பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இதில் நமக்குப் பெருமைதான்.

ஆனால் எல்லா ஊரிலும் இதே நிலை இல்லை. 'உங்க ஆளுங்க வந்து அடிக்கணும்' என்ற அதட்டல் இன்னும் முழுதாக ஓயவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டு ஊரில் நிம்மதியாக இருக்க முடிகிறதா என்பதே நம் கேள்வி. விரும்பி, கூலி பேசிச் செய்தால் அது தொழில். மறுக்க முடியாவிட்டால் அது அடிமை வேலை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. கட்டாய வேலையை அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பட்டியல் சாதியினரைப் பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவது குற்றம். மறுத்தவர்களை ஊர்விலக்கு செய்வதும், செய்வோம் என மிரட்டுவதும் குற்றமே. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணையார் வாசலில் அழுத பெண்கள், அந்தச் சாக்கில் தங்கள் பசியையும் பறிகொடுத்த பிள்ளைகளையும் சொல்லி அழுதார்கள். அந்த ஒப்பாரியை நினைத்து வெட்கப்பட வேண்டாம். ஊரில் பாட்டிகள் இருக்கும்போதே உங்கள் செல்போனில் பதிவு செய்யுங்கள். யாருக்காகப் பாடினார்கள், என்ன கொடுத்தார்கள், எங்கே நிற்க வைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். நாம் எழுதாவிட்டால் அதை வேறு யாரும் எழுதப்போவதில்லை.