சாத்தானின் கொழும்பு விலாசம்

மான்குர்த் ஸ்டேஷனில் இறங்கி சீட்டா கேம்ப் பக்கம் போகும் தமிழ் இளைஞர்களில் சிலர் மண்டையோடு போட்ட கறுப்பு டி-ஷர்ட் அணிகிறார்கள். 'பிளாக் சபாத்', 'லெட் ஸெப்பலின்'. பாட்டைக் கேட்டிருக்கிறார்களோ இல்லையோ, அதன் பின்னால் ஏதோ சாத்தான் சமாசாரம் இருப்பது தெரியும். கவர்ச்சியே அதுதான். ஆனால் ஆடி மாதம் பேட்டையில் அம்மனுக்குக் கூழ் ஊற்றி, பம்பையும் உடுக்கையும் முழங்க ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டால் இவர்களுக்குக் கூச்சம். மராத்தி நண்பர்கள் பார்த்துவிடுவார்களே! 1976-ல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்தெடுத்து இங்கே கொண்டுவந்து விடப்பட்டபோது தாத்தா பாட்டிகள் விட்டுவிடாமல் கூடவே கொண்டுவந்த வழக்கம் அது.

கூச்சம் அநாவசியம் என்பது என் கட்சி. அந்தச் சாத்தானின் பூர்வீகத்திலேயே தமிழ் வாடை அடிக்கிறது.

ராக் இசைக்காரர்களின் மாந்திரீக மோகத்துக்கு மூலவர் அலெய்ஸ்டர் குரோலி (1875-1947) என்ற ஆங்கிலேயர். 1967-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' இசைத்தட்டின் அட்டையில், பரமஹம்ச யோகானந்தர் முதலிய நம் குருமார்களோடு அவர் படமும் உண்டு. (காந்தி படத்தை மட்டும் கம்பெனி எடுக்கச் சொல்லிவிட்டது. இந்தியாவில் விற்பனை கெடுமாம். குரோலியால் கெடாது!) லெட் ஸெப்பலின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் ஸ்காட்லாந்தில் குரோலி வசித்த பங்களாவையே விலைக்கு வாங்கினார், லண்டனில் மாந்திரீகப் புத்தகக் கடையும் வைத்தார். பிளாக் சபாத்துக்கு இவ்வளவு ஈடுபாடு கிடையாது. அவர்கள் பெயரே ஒரு பேய்ப் படத்தின் தலைப்பு. அது வியாபாரம்.

குரோலிக்கு யோகம் எங்கே கிடைத்தது? 1901-ல், இலங்கையில். அவருடைய நண்பர் ஆலன் பெனட் கொழும்பில் ஒரு பெரிய மனிதரின் பிள்ளைகளுக்கு டியூஷன் வாத்தியார். அந்தப் பெரிய மனிதர் சொலிசிட்டர் ஜெனரல் பொன்னம்பலம் இராமநாதன். சைவர், யோகம் பயின்றவர், 'பரானந்தர்' என்ற பெயரில் பைபிளுக்கே உரை எழுதியவர். அவரிடம் பெனட் கற்றதைக் கண்டியில் ஒரு பங்களா பிடித்து குரோலி பயின்றார்: ஆசனம், பிராணாயாமம், தாரணை. பிறகு மதுரைக்கு வந்து கோவணமும் திருவோடுமாகத் திரிந்ததாகவும், உள்சன்னதி ஒன்றில் பவானிக்கு ஆடு பலி கொடுத்ததாகவும் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். மதுரையில் பவானியா? துரை கொஞ்சம் அளந்திருப்பார்.

இராமநாதனின் யோகம் குரோலியின் கைக்குப் போய், இங்கிலாந்தின் சடங்குகளோடு கலந்து, லண்டன் கிதார்காரர்களுக்கு 'ரகசிய வித்தை' ஆனது. அதைத்தான் மான்குர்த்தில் டி-ஷர்ட்டாக வாங்குகிறோம்.

ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் 1972-ல் பம்பாய்க்கே வந்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1968 ஜனவரியில், பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் இங்கே எச்.எம்.வி. ஸ்டூடியோவில் நம் கலைஞர்களை வைத்து ஒலிப்பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார். பேஜும் அதைத்தான் செய்தார். உள்ளூர் வயலின்காரர்களையும் தபலாக்காரர்களையும் உட்காரவைத்துத் தன் பாட்டுகள் இரண்டை வாசிக்கச் சொன்னார். அந்த டேப் 2015-ல்தான் 'கோடா' மறுபதிப்பில் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. கேட்டால் மந்திரமும் இல்லை, மண்டையோடும் இல்லை. புரியாத மெட்டைப் பிடித்துவிட நம் ஆட்கள் படும் பாடுதான் கேட்கிறது. எனக்கு அந்த வயலின்கள் பிடித்திருக்கின்றன.